கேட்டால்தானே சொல்வாள்!

கர்ப்பிணியை வீடே தாங்கும், அடிக்கிற கைகூட அந்தப் பத்து மாதம் ஓய்ந்திருக்கும் என்றுதான் வெகுகாலம் நம்பப்பட்டது. மருத்துவர்களும் அப்படியே நினைத்தார்கள். 1975-ல் அமெரிக்க சமூகவியலாளர் ரிச்சர்ட் கெல்லஸ், கர்ப்ப காலத்திலும் மனைவிகள் அடிபடுகிறார்கள் என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஆனாலும் மருத்துவமனைகள் சட்டென்று மாறிவிடவில்லை. எடை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். "வீட்டில் யாராவது அடிக்கிறார்களா?" என்று மட்டும் கேட்கவில்லை!

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்கள் நர்ஸுகள். ஹூஸ்டன் நகரில் ஆன் ஹெல்டன், ஜூடித் மெக்ஃபர்லேன் ஆகியோர் 290 கர்ப்பிணிகளிடம் பேசி, 1987-ல் முடிவை வெளியிட்டார்கள். 100-க்கு 8 பேர் அந்தக் கர்ப்பத்திலேயே அடி வாங்கியிருந்தார்கள்.

எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். 1991-ல் வெளிவந்த மெக்ஃபர்லேன் குழுவின் இன்னொரு ஆய்வு, குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக்குகளுக்கு வந்த பெண்களைப் பற்றியது. படிவத்தில் தாங்களே எழுதியபோது 100-க்கு 8 பேர்கூட ஒப்புக்கொள்ளவில்லை. நர்ஸ் நேரில் கேட்டபோது சுமார் 29 பேர் சொன்னார்கள். காகிதத்திடம் சொல்லாததை மனிதரிடம் சொன்னார்கள்!

1992-ல் ஹூஸ்டன், பால்டிமோர் நகரங்களில் 691 கர்ப்பிணிகளிடம் தனிமையில் எளிய கேள்விகள் கேட்கப்பட்ட ஆய்வு வெளியானது. கடந்த ஒரு வருடத்தில் யாராவது அடித்தார்களா? கர்ப்பமான பிறகு அடித்தார்களா? உடலுறவுக்குக் கட்டாயப்படுத்தினார்களா? கர்ப்பத்தின்போது அடிபட்டதாக 6 பேரில் ஒருவர் சொன்னார். அப்படி அடிபட்டவர்களில், கடைசி மூன்று மாதத்தில்தான் முதல் பரிசோதனைக்கே வந்தவர்கள் மற்றவர்களைவிட இரு மடங்கு அதிகம்.

கேட்காவிட்டால் ஏன் சொல்வதில்லை? பக்கத்திலேயே கணவன் உட்கார்ந்திருப்பான். குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம், வெட்கம், சொன்னது வீட்டுக்குத் தெரிந்தால் இன்னும் அடி விழும் என்ற கவலை... எல்லாம் சேர்ந்து வாயை அடைத்துவிடும்.

பிரிட்டனில் 1997 முதல் 1999 வரை நடந்த தாய் மரணங்களைப் பற்றிய அறிக்கை 2001-ல் வந்தது. இறந்தவர்களில் 100-க்கு 12 பேர், வீட்டில் நடந்த வன்முறையைத் தாங்களாகவே மருத்துவ ஊழியரிடம் சொல்லியிருந்தார்கள். வழக்கமான கேள்வியாக யாரிடமும் இது கேட்கப்படவில்லை. அப்படியானால் வாய் திறக்காமலே போனவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொரு கர்ப்பிணியையும் ஒரு முறையாவது தனியாகப் பார்க்க வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது.

கேள்வி கேட்டால் மட்டும் அடி நின்றுவிடாது. பதிலுக்குப் பின்னால் அடைக்கலமும் சட்டமும் ஆலோசனையும் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கதவைத் திறக்கும் சாவிக்கு ஆகும் செலவு, ஒரு நர்ஸின் சில நிமிடங்கள்தான்!