ஆங்கிலத்தில் பிரசன்ட் பெர்ஃபெக்டும் காலச்சொற்களும்

‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ என்னும் துணைவினையோடு வினையின் மூன்றாம் வடிவம் சேர்ந்து அமையும் ஆங்கில வினைவடிவம் பிரசன்ட் பெர்ஃபெக்ட். முன்பு நடந்ததை இப்போதைய நேரத்தோடு பிணைத்துச் சொல்ல இது பயன்படுகிறது. எந்தக் காலச்சொல் இதனோடு சேரும், எது சேராது என்பதில் ஆங்கிலம் கறாரானது.

‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் இயர்’, ‘டூ டேஸ் அகோ’, ‘இன் 1998’ போல முடிந்துபோன காலத்தைச் சுட்டுபவை சேரா. ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ பிழை. ‘ஐ சா ஹிம் யெஸ்டர்டே’ சரி. ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இதே அமைப்புள்ள வினை ‘நேற்று’ என்பதோடு இயல்பாக வருகிறது. ஆங்கிலம் ஏன் மறுக்கிறது என்பது மொழியியலில் தீராத வழக்கு. மொழியியலாளர் வொல்ஃப்காங் கிளைன் 1992இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘புதிர்’ என்ற சொல் உண்டு.

‘டுடே’, ‘திஸ் வீக்’, ‘சோ ஃபார்’ ஆகியவை இன்னும் முடியாத காலத்தைக் குறிப்பதால் தடையின்றிச் சேரும். ‘திஸ் மார்னிங்’ கடிகாரத்தைப் பார்த்து நடந்துகொள்ளும். காலை பத்து மணிக்கு ‘ஐ ஹேவ் மெட் ஹர் திஸ் மார்னிங்’ எனலாம்; மாலையில் ‘ஐ மெட் ஹர்’ என்றே சொல்ல வேண்டும்.

தமிழர் அதிகம் இடறுவது ‘சின்ஸ்’, ‘ஃபார்’ இரண்டிலும்தான். ‘2015 முதல் இங்கே வேலை பார்க்கிறேன்’ என்று நிகழ்காலத்திலேயே சொல்லிப் பழகியதால் ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015’ என்று வந்துவிடுகிறது. ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்பதே பொதுத்தர ஆங்கிலம். ‘சின்ஸ்’ தொடங்கிய புள்ளியையும் ‘ஃபார்’ நீண்ட அளவையும் சொல்லும். ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்பவர் பெரும்பாலும் இன்னும் அங்கேயே குடியிருப்பவர். ‘ஐ லிவ்ட்’ என்றால் காலி செய்துவிட்டார்.

‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘யெட்’ மூன்றும் பிரிட்டிஷ் வழக்கில் பெரும்பாலும் பெர்ஃபெக்டுடன் வரும். அமெரிக்கர் ‘ஐ ஆல்ரெடி ஏட்’ எனச் சாதாரண இறந்தகாலத்திலும் சொல்வர். அதைப் பிழை என்று திருத்துவது வீண் கண்டிப்பு.

காலச்சொல்லே இல்லாத வாக்கியத்திலும் இந்தக் கணக்கு மறைந்து நிற்பதுண்டு. ஐன்ஸ்டைன் 1955இல் மறைந்தார். ஆகவே ‘ஐன்ஸ்டைன் ஹேஸ் விசிட்டெட் பிரின்ஸ்டன்’ என்பது ஆங்கிலேயர் காதில் உறுத்தும். ஊரை எழுவாயாக்கி ‘பிரின்ஸ்டன் ஹேஸ் பீன் விசிட்டெட் பை ஐன்ஸ்டைன்’ என்றால் அவ்வளவு உறுத்துவதில்லை. ஊர் இன்னும் இருக்கிறதே.