நிறை தெரியும், உரியவர் தெரியாது: வன்னியில் பழைய நகைகளை இனங்காணலும் மதிப்பிடலும்

2009 ஜனவரியில் இலங்கை அரசு அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துக்குள் வன்னியின் உடையார்கட்டு அடங்கியது. பரந்தன்–முல்லைத்தீவு வீதி வழியே கிழக்கே நகர்ந்த குடும்பங்களுக்குக் காணியைத் தூக்கிச் செல்ல வழியில்லை. நகை மட்டுமே கூட வந்தது. அதிலும் ஒரு பகுதி ஏற்கெனவே, 1994இல் விடுதலைப் புலிகள் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் அடைவில் இருந்தது. போருக்குப் பின் மீட்கப்பட்டவற்றின் நிறையைத் தராசு சொல்லிவிட்டது. உரியவர் யார் என்பதில்தான் சிக்கல். அந்தச் சிக்கலின் வேர் போருக்கு வெகு முன்பே, நகையை மதிப்பிடும் முறை மாறியதில் இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள் பழைய முறை நகைப் பதிவுக்குத் தலைசிறந்த சான்று. பொன்னை ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனக் கணக்கு எழுதினார்கள். 2 குன்றி 1 மஞ்சாடி. 20 மஞ்சாடி 1 கழஞ்சு. அத்தோடு விடவில்லை. முத்துகள் எத்தனை, மணிகள் எத்தனை, எதில் என்ன பழுது என்பதையும் கல்லில் வெட்டினார்கள். அதைப் படிப்பவர் விலையை மட்டுமல்ல, அந்த நகையையே இனங்காணலாம்.

யாழ்ப்பாணத்தில் நகை சீதனத்தோடு பிணைந்தது. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டமும் சீதனத்தைத் தனிச் சொத்தாகவே வகுத்தது. ஆனால் சீதன உறுதிகளில் காணிக்கு நாற்புற எல்லை விரிவாக எழுதப்பட, நகைக்குப் பெரும்பாலும் பெறுமதி மட்டுமே இடம்பெற்றது. ஆங்கிலேயர் காலத்துத் தங்க நாணயம் இப்போக்கை முழுமையாக்கியது. 1817இல் வெளிவந்த அந்த நாணயம் 7.988 கிராம் நிறையும் 22 கரட் தரமும் கொண்டது. நமது 8 கிராம் பவுண் அதன் வழித்தோன்றல். உரைகல்லில் உரைத்து மாற்றுப் பார்த்த பத்தரின் கண்ணுக்கு இருந்த இடத்தை எண் பிடித்துக்கொண்டது. அடைவுச் சீட்டிலும் நகையின் வகை, நிறை, கரட் என்பதோடு விவரம் முடிந்துவிடும்.

மெக்சிக்கோவின் தாக்ஸ்கோ நகரில் நடந்ததோ வேறு. வில்லியம் ஸ்பிராட்லிங் 1930களில் அங்கே பட்டறை நடத்திய காலத்திலிருந்து வெள்ளி நகையில் செய்தவரின் முத்திரை பதியும் வழக்கம் வலுத்தது. இன்று அந்த முத்திரையே விலையைப் பன்மடங்காக்குகிறது. யாழ்ப்பாணத்துக் கன்னாதிட்டிப் பத்தர்களின் வேலைப்பாடு எவ்விதத்திலும் குறைந்ததல்ல என்பேன். ஆனால் அவர்கள் பெயர் பொறிக்கும் வழக்கமில்லை. அதனால் அவர்களது பழைய பதக்கமும் உருக்கும் விலைக்கே போகிறது.

இருந்தும் சில தடயங்கள் உண்டு. தாலிக்கொடியில் கோக்கும் பவுண் காசில் ஆண்டும் மன்னர் தலையும் இருக்கும். விக்டோரியா தலை என்றால் 1901 வரை. ஐந்தாம் ஜோர்ஜ் என்றால் 1911 முதல். 1918 காசில் ஆண்டுக்கு மேலே 'ஐ' என்னும் சிறு ஆங்கில எழுத்து இருந்தால் அது பம்பாயில் அச்சானது. கொடி அதன் காசை விடப் பழையதாக இருக்கலாம், புதியதாகவும் இருக்கலாம். காசு கோத்த காலத்துக்கு மட்டுமே அது கீழ் எல்லை தரும். வார்ப்பில் எடுத்த போலிக் காசில் எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். கல் பதித்த அட்டியலில் உள்ளே அரக்கு நிரப்பியிருப்பதால் மொத்த நிறையை நம்பக் கூடாது. பற்றவைத்த இடங்களில் தரம் குறையும். ஆனால் அந்த ஒட்டுகளே உரியவர் தம் நகையைச் சுட்டிக்காட்டச் சிறந்த அடையாளம்.

வைப்பகத்தில் அடைவு வைத்த சிலருக்கு 2014இல் கிளிநொச்சியில் நகை திருப்பிக் கொடுக்கப்பட்டது. 2025 மே மாதம் இராணுவம் போருக்குப் பின் மீட்டுத் தன்னிடம் வைத்திருந்த தங்க, வெள்ளிப் பொருட்களைப் பொலிஸாரிடம் ஒப்படைத்தது. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் பரிசோதனை தரத்தையும் நிறையையும் உறுதிசெய்யும். உரிமை கோருபவருக்கு அது போதாது. ஒவ்வொரு நகையையும் இரு பக்கமும் படமெடுத்து, காசின் ஆண்டு, கல்லின் எண்ணிக்கை, ஒட்டு, தேய்வு எல்லாவற்றையும் பதிந்து, கலியாணப் படங்களோடு ஒப்பிட வழி செய்ய வேண்டும். இராசராசனின் கணக்கர்கள் கமராவே இல்லாமல் இதில் பெரும்பகுதியைச் செய்து முடித்திருந்தார்கள்.