உரிமையாளர் எங்கே? சென்னையின் நாய்க் கட்டுப்பாட்டுச் சட்டங்கள்: ஒரு வரலாற்று ஆய்வு

வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், தவறினால் ரூ.5,000 அபராதம் என்று 2025-ன் இறுதியில் பெருநகர சென்னை மாநகராட்சி அறிவித்தது. நகரம் சற்றுப் பதறியது; கெடுவும் நீட்டிக்கப்பட்டது. நாய் வளர்ப்பவரைச் சட்டம் கேள்வி கேட்பது இதுவே முதல்முறை என்பது போலப் பலர் பேசினார்கள். உண்மையில் அந்தப் பொறுப்பு 1860-ம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து நேரக்கூடும் என்று தெரிந்தும் தக்க ஏற்பாடு செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்றது அதன் 289-வது பிரிவு. சட்டம் இருந்தும் உரிமையாளர் ஏன் கண்ணில் படவே இல்லை? இந்த நகரின் விலங்குக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் நெடுங்காலம் தெருவில் நின்ற நாயை மட்டுமே பார்த்தன என்பதும், அதை வளர்த்தவரையும் விற்றவரையும் விட்டுப் போனவரையும் தேடிப் போகும் பழக்கம் அவற்றுக்கு மிகவும் பிந்தியே வந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மாட்டின் கதை வேறு. 1871-ம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டம் ஊருக்கு ஊர் பவுண்டு என்ற அடைப்பிடம் வைக்க வழி செய்தது. பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைப்பார்கள். தீனிச் செலவையும் தண்டத்தையும் கட்டி உரியவர் ஓட்டிப்போக வேண்டும். வராவிட்டால் மாடு ஏலத்துக்குப் போகும். மாட்டுக்கு விலை உண்டு, ஆகவே அதைத் தேடி ஓர் ஆள் வருவார் என்ற கணக்கின் மேல் எழுந்த சட்டம் அது. சென்னைச் சாலைகளில் திரியும் மாடுகளுக்கு இன்றும் மாநகராட்சி இதே வழியைத்தான் கையாள்கிறது. அண்மை ஆண்டுகளில் தண்டத்தொகை மட்டும் பல மடங்கு ஏறியிருக்கிறது. தெருநாய்க்குச் சந்தை விலை இல்லை. எனவே அதற்குப் பவுண்டும் இல்லை, ஏலமும் இல்லை, மீட்க வரும் ஆளைப் பற்றிய எதிர்பார்ப்பும் இல்லை.

விலை இல்லை என்ற இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை பம்பாய் முன்னரே கண்டுவிட்டது. அங்கே கோடையில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு இருந்தது. கொன்ற நாய் ஒன்றுக்கு எட்டணா சன்மானம். 1832-ல் கொல்லும் காலத்தை நீட்டித்தபோது, காசுக்கு ஆசைப்பட்டவர்கள் வீட்டு நாய்களையும் விட்டுவைக்கவில்லை. இறுதிச்சடங்கிலேயே நாய்க்கு இடம் தரும் பார்சி சமூகம் கொதித்தெழுந்தது. ஜூன் 6 அன்று கலவரம் வெடித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, கோட்டைக்குப் போகும் உணவுப் பொருள்கள் தடுக்கப்பட்டன, படையை வரவழைக்க வேண்டியதாயிற்று. தலைக்கு இவ்வளவு என்று காசு வைத்தால், தெருநாய்க்கும் வீட்டுநாய்க்கும் இடையிலான எல்லைக்கோட்டை முதலில் அழிப்பவர் பிடிப்பவர்தான். அடுத்து வந்த நகராட்சிச் சட்டங்கள் இதிலிருந்து ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டன: வீட்டு நாய்க்கு ஓர் அடையாளம் வேண்டும். 1957-ம் ஆண்டு தில்லி மாநகராட்சிச் சட்டத்தில் இந்தச் சிந்தனை தெளிவாகத் தெரிகிறது. நாயைப் பதிவு செய்து, மாநகராட்சி தரும் உலோக வில்லையைக் கழுத்துப்பட்டையில் மாட்ட வேண்டும். வில்லை இல்லாத நாயைப் பிடித்து அடைக்கலாம், அழிக்கலாம். உரிமையாளர் செய்யத் தவறியதற்கு உயிரைக் கொடுப்பது நாய்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டன் தன் மண்ணில் வேறு வழியில் நடந்தது. 1867-ல் நாய் உரிமக் கட்டணம் ஐந்து ஷில்லிங் ஆயிற்று, சில ஆண்டுகளில் அது ஏழரை ஷில்லிங்காக உயர்ந்தது. 1890-களின் பிற்பகுதியில் வேளாண் வாரியத் தலைவராக இருந்த வால்டர் லாங், ரேபிஸ் நோய் கண்ட பகுதிகளில் எல்லா நாய்களுக்கும் வாய்மூடி போட உத்தரவிட்டார். வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களைத் தனிமைப்படுத்திவைக்கும் விதியும் வந்தது. நாய்ப் பிரியர்கள் கூட்டம் போட்டு எதிர்த்தார்கள், அவர் அசையவில்லை. 1902 வாக்கில் அந்தத் தீவில் ரேபிஸ் ஒழிந்தது. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் திரும்பி வந்தபோதும் சில ஆண்டுகளில் மீண்டும் ஒழிக்கப்பட்டது. நாய்களுக்கான தடுப்பூசி இயக்கம் என்ற ஒன்றே இல்லாத காலம் அது. உரிமையாளரின் கையைக் கட்டியே ஒரு நாடு நோயை விரட்டியது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தீவாக இருந்தது அதற்குத் துணை செய்தது என்பதையும், வீடில்லாமல் தெருவிலேயே பிறந்து வளரும் நாய்கள் அங்கே குறைவு என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனாலும் சொந்த ஊரில் வளர்ப்பவரைப் பொறுப்பாக்கிய அதே ஆட்சி, இங்கே தெருநாய்களைப் பிடித்துக் கொல்லக் கொண்டுபோகும் நாய் வண்டியையே தீர்வாக நிறுவியது.

இங்கே அச்சம் பொய்யானது அல்ல. ரேபிஸ் முற்றிவிட்டால் மருந்து கிடையாது, இன்றும் கிடையாது. 1900-ல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் பாஸ்டர் நிலையம் தொடங்கும் வரை இந்தியாவில் இதற்குச் சிகிச்சை மையமே இல்லை. தென்னாட்டில் கடிபட்டவர் அத்தனை தூரம் போய்ச் சேர்வதற்குள் நாள்கள் கைநழுவிவிடும். அமெரிக்கக் கொடையாளர் ஹென்றி ஃபிப்ஸின் நிதியும் சேர, 1907-ல் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. டேவிட் செம்பிள் கசௌலியில் உருவாக்கிய தடுப்பூசி ஆட்டு மூளைத் திசுவிலிருந்து எடுக்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் தாத்தா பாட்டிகள் சொல்லிச் சிலிர்த்தது இதைத்தான். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து, நாளுக்கொன்றாக, வீங்கிய இடத்தின் அருகிலேயே அடுத்த ஊசி. அரிதாகச் சிலருக்கு அந்த மருந்தே நரம்பைத் தாக்கி முடக்கியதும் உண்டு. இந்தியா அதைக் கைவிட 2005 வரை ஆனது. இந்த வேதனையை வயிற்றில் சுமந்த தலைமுறைகள் நாய் வண்டியை நியாயமாகவே பார்த்தன.

சென்னை மாநகராட்சியின் 1919-ம் ஆண்டுச் சட்டமும், பிற நகரங்களுக்கான 1920-ம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமும் அந்த மனநிலையில் பிறந்தவை. தெருவில் திரியும் நாயையும் பன்றியையும் அழிக்க நிர்வாகத்துக்கு அவை அதிகாரம் தந்தன. பேசின் பிரிட்ஜ் பகுதிக்கு வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்ட நாய்கள் பிற்காலத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்டன. கொலை நிறுத்தப்படுவதற்கு முந்தைய கட்டத்தில் இந்த எண்ணிக்கை நாளொன்றுக்கு 135 வரை போனதாகப் புளூ கிராஸ் அமைப்பு சொல்லிவருகிறது. அத்தனை கொன்றும் தெருக்கள் காலியாகவில்லை. ஒரு தெருவின் நாய்கள் போனால், அங்கே கிடக்கும் எச்சில் உணவுக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் வரும்; மிஞ்சியவை கூடுதலாகக் குட்டி போடும். தீனி இருக்கும் வரை இடம் காலியாக இருக்காது. நாய்களை அகற்றிக் கொல்வதால் மட்டும் ரேபிஸ் பரவல் குறைந்ததற்குச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1992-ல் எழுதியது. சென்னையின் தெருக்கள் அதைப் பல பத்தாண்டுகளாகக் காட்டிக்கொண்டிருந்தன.

1960-ம் ஆண்டு

இந்தக் கதையின் நடுவில் சென்னைப் பெண்மணி ஒருவர் நிற்கிறார். மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் 1950-களில் விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960-ம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் 1962-ல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகமும் நெடுங்காலம் சென்னையிலேயே இருந்தது.

அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவை நிதானமாகப் படித்தால் இரண்டு செய்திகள் முகத்தில் அறையும். போதிய உணவு தராமல் விலங்கை வைத்திருப்பது, பட்டினியால் துன்புறும் நிலையில் கைவிடுவது, தொற்றுநோய் கண்ட சொந்த விலங்கைத் தெருவில் திரியவிடுவது எல்லாம் அதில் குற்றங்கள். பொறுப்பான வளர்ப்பு என்று இன்று பேசுவதன் பெரும்பகுதி அங்கே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் முதல்முறை குற்றத்துக்குத் தண்டம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. இன்று வரை அதேதான். இரண்டாவது செய்தி, அதே பிரிவின் விதிவிலக்கு: கொலைக்கூடத்தில் தெருநாயைக் கொல்வது வதையாகாது. நாயைத் தெருவில் விட்டவருக்கு ஐம்பது ரூபாய், விடப்பட்ட நாய்க்கு மரணம். இந்தியாவின் மிகக் கருணைமிக்க சட்டம் என்று போற்றப்படும் ஒன்றுக்குள் இந்த ஏற்றத்தாழ்வு அமர்ந்திருப்பது வருத்தத்துக்குரியது. சட்டத்தை முன்னெடுத்தவர்களின் நோக்கத்தில் ஐயமில்லை. மாநகராட்சிகளின் நடைமுறைக்கு வளைந்துகொடுத்த இடம் அது என்று கொள்ளலாம்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1959-ல், விமானி கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் புளூ கிராஸைத் தொடங்கியிருந்தார். கொல்வதை விட்டுக் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு அதே தெருவில் விடுங்கள் என்று அந்த அமைப்பு 1964 முதல் மாநகராட்சியிடம் கேட்டுவந்தது. இசைவு கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. சுந்தரத்தின் மகன் சின்னி கிருஷ்ணா முன்னின்ற அந்த முயற்சிக்கு 1996-ல் தென் சென்னையில் சோதனை முறையில் வழி திறந்தது. பிறகு மாநகராட்சி கொல்வதையே நிறுத்தியது. சென்னையில் செய்து பார்த்ததை 2001 டிசம்பரில் நாட்டுக்கே விதியாக்கியது நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகள்: பிடி, கருத்தடை செய், தடுப்பூசி போடு, காதில் அடையாளமிடு, பிடித்த இடத்திலேயே விடு.

2001 விதிகள் நாய்களை இரண்டாகப் பிரித்தன: வளர்ப்பு நாய், தெருநாய். வளர்ப்பு நாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் உரிமையாளரின் பொறுப்பு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, மீதி முழுவதும் தெருநாயைப் பற்றியே பேசின. இவ்விதிகளைக் குறைசொல்பவர்கள் தெருநாயைத் திரும்ப விடுவதைத்தான் தாக்குகிறார்கள். என் பார்வையில் பெரிய குறை அந்த ஒற்றை வரியில் இருக்கிறது. கருத்தடை செய்யாத வீட்டு நாய் இரவில் அவிழ்த்துவிடப்படுகிறது. அதன் குட்டிகள் சாக்குப்பையில் கட்டப்பட்டுக் குப்பைத்தொட்டி அருகே வந்து சேர்கின்றன. தெருவில் எத்தனை நாய்க்குக் கருத்தடை செய்தாலும் வீட்டிலிருந்து வரும் இந்த வரத்து நிற்பதில்லை. மாநகராட்சியின் 2018 கணக்கெடுப்பில் சுமார் 57 ஆயிரமாக இருந்த தெருநாய்கள் 2024-ல் சுமார் 1.8 லட்சம். எண்ணும் முறை மாறியதும் இந்த வேறுபாட்டில் பங்கு வகித்திருக்கலாம் என்பதால் இதை அப்படியே வளர்ச்சி விகிதமாகக் கொள்ளக்கூடாது. ஆனால் குறையவில்லை என்பதில் ஐயமில்லை.

பூங்காவுக்குப் பின்

2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றின் காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வெய்லர் நாய்கள் கடித்துக் குதறின. அவை தெருநாய்கள் அல்ல. வீட்டு நாய்கள், சங்கிலி இல்லாமல் விடப்பட்டவை. 1860-ம் ஆண்டின் 289-வது பிரிவு அன்று நினைவுக்கு வந்தது, உரிமையாளர் கைது செய்யப்பட்டார். ஐம்பது ரூபாய்க்குக் கிடைத்தும் யாரும் பெரிதாகக் கேட்டிராத நாய் உரிமத்துக்கு அடுத்த சில வாரங்களில் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் வந்தன. அதே ஆண்டு மார்ச்சில் மத்திய அரசு 23 இன நாய்களைத் தடைசெய்யச் சொல்லி அனுப்பிய சுற்றறிக்கையைக் கர்நாடக, தில்லி உயர் நீதிமன்றங்கள் ரத்துசெய்திருந்தன. இனத்தைத் தடை செய்வதும் ஒருவகையில் பழைய நாய் வண்டிச் சிந்தனைதான். குற்றத்தை நாயின் பிறப்பில் தேடுகிறது; வாய்மூடி போடாமல் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு அதைக் கொண்டுபோனவரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஜூலை 2024 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 289 இப்போது 291-வது பிரிவு. அபராத உச்சவரம்பு ரூ.5,000.

2025-ல் உச்ச நீதிமன்றம் மும்முறை பேசியது. தில்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க ஆகஸ்ட் 11 அன்று ஆணை. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, ரேபிஸ் கண்டவையும் வெறிகொண்டு தாக்குபவையும் நீங்கலாக, பிடித்த இடத்தில் விடலாம் என்று ஆகஸ்ட் 22 அன்று திருத்தம். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்றவற்றிலிருந்து அகற்றும் நாய்களை அங்கே திரும்ப விடக்கூடாது என்று நவம்பர் 7 அன்று மற்றோர் ஆணை. நாடு முழுக்க வாதம் சூடாயிற்று. வாதமெல்லாம் மறுபடியும் தெருநாயைச் சுற்றியே.

இந்தப் பின்னணியில்தான் மைக்ரோசிப் முக்கியமாகிறது. அரிசி மணியளவு கண்ணாடிக் குழல். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவார்கள். அதில் மின்கலம் கிடையாது. கருவியைக் கிட்டே கொண்டுபோனால் 15 இலக்க எண் தெரியும். அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் ஒருவரின் பெயரும் முகவரியும் கைப்பேசி எண்ணும் இருக்கும். உலோக வில்லையைக் கழற்றி எறியலாம். இதைக் கழற்ற முடியாது. நாயைக் காரில் ஏற்றிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறக்கிவிட்டுப் போனவரை முதன்முறையாகப் பெயர் சொல்லி அழைக்கும் வாய்ப்பு இது. விற்பவருக்கும் இங்கே கடமை உண்டு: 2017-ம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கத் தடை விதித்து, மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கின. குட்டி கைமாறும் நாளிலேயே வாங்கியவர் பெயர் மாநகராட்சிப் பதிவேட்டில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் சிப் இருந்தும் ஆள் இருக்கமாட்டார்.

ஒரு கேள்விக்கு மட்டும் இதுவரை எந்தச் சட்டமும் முகம் கொடுக்கவில்லை. வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ ஒரு சந்தில் படுத்திருக்கும் நாய்க்கு நான்கு வீட்டில் சோறு உண்டு, பெயரும் உண்டு. இரவில் அந்நியர் வந்தால் குரைக்கும். அது 1957-ன் வில்லைக்கும் அடங்காது, 2001-ன் இரண்டு வகைகளுக்கும் சரியாகப் பொருந்தாது. 2023 மார்ச்சில் வந்த புதிய விதிகள் அதைச் சமூக நாய் என்று அழைத்து, சோறு வைக்கும் இடத்தையும் நேரத்தையும் வகுக்கச் சொன்னதோடு நின்றுவிட்டன. அந்தச் சந்தில் வாடகைக்கு இருப்பவர் அதற்கு ஆண்டுதோறும் ஊசி போடவும் உரிமம் எடுக்கவும் முன்வந்தால், விண்ணப்பம் அவரிடம் கேட்பது ஒருவர் பெயரையும் ஒரு முகவரிச் சான்றையும்தான். நான்கு வீட்டார் சேர்ந்து கையெழுத்திட அதில் இடமில்லை.