நன்னூலின் மாணாக்கனும் அறிவுக் கட்டமைப்புக் கொள்கையும்

கற்பித்தலாவது ஆசிரியனிடத்துள்ள பொருளை மாணாக்கனுள் பெய்தலா, அன்றி மாணாக்கன் தன் அறிவைத் தானே எழுப்பிக்கொள்ளத் துணைநிற்றலா? பின்னையதே என்பது அறிவுக் கட்டமைப்புக் கொள்கை. குழந்தை தான் முன்னர் அறிந்தவற்றைக் கொண்டே புதியதை விளங்கிக்கொள்கிறது என்றார் சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே (1896–1980). பிறரோடு கூடிச் செய்வதே பின்னர்த் தன்னறிவாக மாறுகிறது என்றார் உருசிய அறிஞர் வைகாட்ஸ்கி (1896–1934). இந்தியாவில் 2005 ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு இக்கொள்கையைத் தழுவியது. தமிழாசிரியருள் இதனை அயற்சரக்கென ஒதுக்குவாரும் உளர்; நம் முன்னோர் என்றோ கூறியது என மகிழ்வாரும் உளர். இருவர் கூற்றையும் நன்னூல் கொண்டு ஆராய்வாம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டினர் எனக் கருதப்பெறும் பவணந்தி முனிவர், பொதுப்பாயிரத்துள் மாணாக்கன் இயல்பை விரித்துரைக்கின்றார். ஆசான்முன் ஓவியப் பாவைபோல் அடங்கியிருந்து, கேட்பதைச் செவிவழிப் பருகி, உள்ளத்துள் தேக்கிக்கொள்ளல் வேண்டும் என்பது அவர் கூறும் முறை. இது பெய்தற் கொள்கையே. இதனை மறைத்துப் பேசுதல் ஆராய்ச்சி நெறியன்று.

எனினும், நூல் அவ்வளவில் நிற்கவில்லை. ஆசான் உரைத்ததைச் செவ்வனே கொண்டாலும் கிடைப்பது காற்பங்கு புலமையே; உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு; எஞ்சிய அரைப்பங்கும் தான் பிறர்க்கு விரித்துரைத்தலாலேயே நிரம்பும் என்கின்றார் முனிவர். மாணாக்கரை வகைப்படுத்துங்கால், சொன்னதைச் சொல்லும் கிளியை இடைநிலையில் வைத்து, பிரித்தறியும் அன்னத்தையும் அசைபோடும் ஆவையும் தலைநிலையில் வைத்தமை ஈண்டு நோக்கத்தக்கது. பியாஜேயின் உளவியல் நன்னூலில் இல்லை. ஆயின், கேட்டல் மட்டும் கல்வியாகாது என்னும் தெளிவு உண்டு.

மாணாக்கன் பிறர்க்கு உரைத்தல் என்னும் முறையைப் புறவடிவாக மட்டும் கொண்டால் யாது நேரும் என்பதற்குச் சென்னை வரலாறே சான்று. எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற சிறுவர்க்கென அமைந்த இல்லத்தில் 1789 முதல் பணியாற்றிய ஆண்ட்ரு பெல், இந்நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பித்தார். 1797 இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலால் 'சென்னை முறை' இங்கிலாந்திற் பரவியது. ஆங்கே அது பெருந்தொகைச் சிறுவர்க்குச் சிறு செலவிற் பாடம் ஒப்புவிக்கச் செய்யும் பொறியாயிற்று. உரைத்தவன் சிறுவனே, எனினும் உரைத்தது தான் ஆய்ந்து கண்டதன்று, மனப்பாடம் செய்தது. கிளி மற்றொரு கிளியைப் பழக்கிற்று என்னலாம்.

ஆகவே, வகுப்பில் யார் பேசுகின்றார் என்பதினும் எதனைக் கண்டு பேசுகின்றார் என்பதே சிறந்தது. புணர்ச்சி கற்பிக்கும் ஆசிரியர் நூற்பாவை முதலிற் கூறாது, மரவேர், மரக்கிளை என்பவற்றைத் தந்து விதியை மாணாக்கரே காணுமாறு விடலாம். ஈற்று மகரம் கெடும் என அவர் துணிந்தபின், நிலங்கடந்தான் என்பதைத் தருக. மகரம் கெடாது ஙகரமாய்த் திரிந்தமை கண்டு அவர் தம் விதியைத் திருத்துவர், அது பற்றித் தம்முள் வாதிடுவர், ஒருவர்க்கொருவர் விளக்குவர். அதன்பின் நூற்பாவைக் காட்டின், அது சுமையாகாது; தாம் கண்டதன் சுருக்கமாய் அவர்க்குத் தோன்றும்.

இவ்வாறு கற்பிப்பதற்குக் காலம் மிகுதியும் வேண்டும். பாடப்பகுதி முடியாது என்பாரும் உளர். அவ்விடர் மெய்யே. ஆயினும், முடித்த பாடம் முழுவதும் காற்பங்கே என்று நன்னூல் கூறுவதை, அந்நூலைக் கற்பிக்கும் நாமே மறத்தல் தகுமோ?