பதுளையிலிருந்து போன கோச்சி

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்கத்தான் அந்தப் பாதை. எழுபதுகளில் அதே பாதை எங்கள் மலையகத் தமிழ்ச் சனத்தையும் ஏற்றிக்கொண்டு போனது.

1948இன் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். தோட்ட லயத்தில் இருந்த ஒருவரிடமும் யாரும் கேட்கவில்லை. இதை அநியாயம் என்றே இன்றும் சொல்வேன்.

பெரியப்பா குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது, எங்களுக்கு வரவில்லை. தகரப் பெட்டியில் சேலைகளுக்கு மேலே, கொழுந்துச் சாயம் ஏறிய தன் இடுப்புப் படங்கையும் பெரியம்மா மடித்து வைத்தார். "அங்கயும் மலைதானாம், கொழுந்துதானாம்" என்றார். கோச்சி நகர்ந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்த கைகளைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒப்பாரிக் கோச்சி என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

தலைமன்னார், கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். பிறகு சிலருக்குக் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை. 1984இல் கப்பலும் நின்றது. இங்கே இலங்கையில் நாடற்றவர்களாகவே எஞ்சியவர்களுக்கு 2003இல்தான் குடியுரிமைச் சட்டம் வந்தது.

அக்கரையிலிருந்து வந்த பழைய கடிதங்கள் உங்கள் வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். விலாசத்தோடு பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள்.