வில்லங்கம் ஏற்றிய தீவு

மனைப்பிரிவு வரைபடங்களைச் சரிபார்ப்பதுதான் என் உத்தியோகம். பூங்காவுக்கென்று பச்சை அடித்துக் காட்டிய இடம் பத்து வருஷத்தில் கல்யாண மண்டபமாக நிற்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவன். ஒரு லேஅவுட் அறுபது வருஷம் தாண்டியும் போட்டபடி இருக்கிறது என்றால் நான் லேசில் நம்பமாட்டேன். ஓய்வுபெற்ற பிறகு அமெரிக்காவின் சவானாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது, பக்கத்திலிருக்கும் ஹில்டன் ஹெட் தீவை அந்தச் சந்தேகத்தோடுதான் போய்ப் பார்த்தேன்.

தென் கரோலினாவின் கரையோரத் தீவு அது. சுமார் 12 மைல் நீளம், மேலிருந்து பார்த்தால் பாதம் மாதிரி இருக்கும். ஜார்ஜியாவின் ஹைன்ஸ்வில்லிலிருந்து வந்த மர வியாபாரிகள் சிலர் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அதன் தென்பகுதியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பைன் காட்டை வாங்கினார்கள். வெட்டி விற்கத்தான் வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஜோசப் ஃபிரேசர். அவருடைய மகன் சார்லஸ் அப்போது யேலில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். மரத்தை வெட்டி எடுக்கும் காசைவிட, மரத்தை நிற்கவிட்டு அதன் கீழிருக்கும் மண்ணை விற்றால் அதிகம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டவர் அந்தப் பையன். 1956இல் பெருநிலத்திலிருந்து பாலம் வந்தது. படகுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் தீர்ந்தது. சார்லஸுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. சீ பைன்ஸ் என்ற குடியிருப்பைத் தொடங்கினார்.

தீவில் அப்போது நகராட்சி கிடையாது. 'இங்கே வீடு, இங்கே கடை' என்று சொல்ல ஆள் இல்லை. நம்மைப் போன்றவர்கள் அந்த நிலையில் அரசாணைக்குக் காத்திருப்போம். சார்லஸ் ஃபிரேசர் வழக்கறிஞர், அவருக்குத் தெரிந்த ஆயுதம் கிரயப் பத்திரம். எந்த மரத்தை வெட்டலாம், வெட்டக்கூடாது, வீட்டுக்கு என்ன நிறம், கூரை எப்படி, வரைபடத்துக்கு யாருடைய சம்மதம் வேண்டும் என்று எல்லாவற்றையும் பத்திரத்திலேயே நிபந்தனையாக எழுதினார். அந்த நிபந்தனைகள் ஆளைக் கட்டவில்லை, நிலத்தைக் கட்டின. விற்றாலும், மகனுக்குக் கொடுத்தாலும் மண்ணோடு கூடவே போகும். நம் பதிவு அலுவலகப் பாஷையில் சொன்னால், ஒவ்வொரு மனையிலும் வேண்டுமென்றே ஒரு வில்லங்கத்தை ஏற்றி விற்றார். அப்படி விற்றதற்குக் கூடுதல் விலையும் வாங்கினார்! சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பத்திர எழுத்தரிடமும் இதைச் சொன்னால் சிரிப்பார்.

மனைகளைப் பிரித்த விதத்தில்தான் எனக்கு உண்மையான மரியாதை வந்தது. கடற்கரை ஊர்களில் வழக்கமாகக் கரையை ஒட்டியே ரோடு போடுவார்கள். முதல் வரிசை வீடுகளுக்குக் கடல் கிடைக்கும், பின்னாலிருப்பவனுக்கு முன்வீட்டின் முதுகுதான் மிச்சம். ஃபிரேசர், ஹார்வர்டில் நிலத்தோற்றக் கலை கற்பித்த ஹிடியோ சசாகியை ஆலோசனைக்கு அழைத்தார். கரையை நோக்கிச் செங்குத்தாகப் போய் முட்டி நிற்கும் சின்னத் தெருக்கள் வந்தன. அவற்றுக்கிடையே கடலுக்குப் போகும் நடைபாதைகளைக் காலியாக விட்டார்கள். நாலாவது வரிசைக்காரனும் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே மணலுக்குப் போகலாம். அதனால் அவனுடைய மனைக்கும் விலை ஏறியது. வீடுகள் மணல்மேட்டுக்குப் பின்னால் தள்ளி நின்றதால் மேடும் பிழைத்தது. கடல் எட்டாத உள்பகுதி மனைகளுக்குக் கோல்ஃப் மைதானத்தின் பச்சையைக் காட்டி விற்றார். கட்டாமல் விட்ட காடு 605 ஏக்கர். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் தின்றுபோட்ட சிப்பிகள் வளையமாகக் குவிந்து கிடக்கும் இடம் ஒன்று அதற்குள் பத்திரமாக இருக்கிறது.

ஹார்பர் டவுன் என்ற படகுத்துறையைத் தோண்டும்போது பழைய ஓக் மரம் ஒன்றைக் காப்பாற்றத் துறையின் வடிவத்தையே மாற்றினார்களாம். அதன் ஓரத்தில் 1970இல் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட 90 அடிக் கலங்கரை விளக்கம் எழுந்தது. மாலுமிகள் கேட்டு வந்ததல்ல. ஃபிரேசரின் கிறுக்கு என்று ஊர் சிரித்தது. பக்கத்து மைதானத்தில் 1969இல் நடந்த முதல் கோல்ஃப் போட்டியை ஆர்னால்ட் பால்மர் வென்றிருந்தார். அதன் பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் வருஷாவருஷம் அந்த விளக்கைக் காட்டினார்கள். ஃபிரேசருக்கு விளம்பரம் இலவசம்.

அதே சமயத்தில் எதிர்க்கரையில் பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் கம்பெனி ரசாயன ஆலை கட்ட வந்தது. மனை விற்பவர்களும் இறால் பிடிப்பவர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். கறுப்பின மீனவர்களின் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த 'கேப்டன் டேவ்' என்ற இறால் படகு கையெழுத்து மனுக்களை ஏற்றிக்கொண்டு 1970இல் வாஷிங்டன் வரை போனது. கம்பெனி பின்வாங்கியது.

அந்த மீனவர்கள் யார் என்று சொல்லாமல் தீவின் திட்டத்தைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்கள் குல்லா மக்கள். பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1861 நவம்பரில் வடக்குப் படை தீவைப் பிடித்ததும் தோட்ட முதலாளிகள் ஓடினார்கள். மறுவருஷமே விடுதலை பெற்றவர்கள் மிட்செல்வில் என்று ஊர் அமைத்தார்கள். தெரு பிரித்தார்கள், தங்கள் அதிகாரிகளைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போவதைக் கட்டாயமாக்கினார்கள். தீவின் முதல் ஊர்த்திட்டம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். சீ பைன்ஸ் விளம்பரத்தில் அது வராது.

பிறகு அவர்கள் வாங்கிய நிலம் உயில் இல்லாமல், பாகப்பிரிவினை இல்லாமல் தலைமுறை தாண்டியது. நம் கூட்டுப் பட்டா கதைதான். பாலம் வந்து நிலத்தின் மதிப்பு ஏற ஏற வரி ஏறியது. கட்ட முடியாத வரிக்கு நிலம் ஏலம் போனது. எங்கோ வடக்கே இருக்கும் ஒரு பங்காளியின் பங்கை வெளியாள் வாங்கிவிட்டால் போதும், கோர்ட்டுக்குப் போய் மொத்த நிலத்தையும் விற்கவைக்கலாம். ஃபிரேசரின் திட்டத்தை நிலைக்கவைத்தது பத்திரம். இவர்களைக் கரைத்ததும் பத்திரம்தான், இல்லாமல்போன பத்திரம். குல்லா மக்களின் மயானங்களில் ஒன்று ஹார்பர் டவுன் அருகிலேயே இருக்கிறது. அங்கே போக வேண்டுமானால் காவல் கேட்டைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ஃபிரேசரின் பத்திரத்துக்கு அவருடைய வேலி வரைதான் அதிகாரம். வெளியே அவரைப் பார்த்து வந்தவர்கள் நெருக்கிக் கட்டினார்கள். ரோடு திணறியது. கடைசியில் 1983இல் தீவு தன்னை நகராட்சியாக ஆக்கிக்கொண்டது. ஃபிரேசரோ அதற்குள் அமீலியா தீவு, போர்ட்டோ ரீக்கோ என்று அகலக்கால் வைத்து, எழுபதுகளின் பண நெருக்கடியில் அடிபட்டுக் கம்பெனியை விற்றிருந்தார். அடுத்து வந்தவர்கள் கையில் அது 1986இல் திவாலானது. குடியிருப்பவர்களே சேர்ந்து மீட்டார்கள். கம்பெனி கைமாறிக் கைமாறிப் போனபோதும் மனைகளின் நிபந்தனை மட்டும் அசையவில்லை. நான் சந்தேகத்தோடு தேடிய விடை அதுதான். திட்டத்தைக் காப்பாற்ற எந்த அதிகாரியும் நேர்மையாக இருக்கத் தேவைப்படவில்லை. தன் வீட்டு விலை குறைந்துவிடும் என்று பயந்த அண்டைவீட்டுக்காரன் போதுமாயிருந்தான்.

நகராட்சி பிற்பாடு வேறொரு வழி பிடித்தது. நிலம் கைமாறும்போதெல்லாம் விலையில் கால் சதவீதம் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தில் காலி இடங்களைத் தானே வாங்கிப் போட்டது. குல்லா மக்களின் வாரிசு நிலத்துக்கோ 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 2015இல் சுட்டுக்கொல்லப்பட்ட மாநில செனட்டர் கிளெமென்டா பிங்க்னியின் பெயரில் ஒரு சட்டம் வந்தது. பங்காளி ஒருவர் விற்கச் சொல்லி வழக்குப் போட்டால், மற்ற பங்காளிகள் அவர் பங்கை நியாய விலைக்கு முதலில் வாங்கிக்கொள்ள அது உரிமை தருகிறது. 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது பாலத்துக்கு வயது அறுபது தாண்டியிருந்தது. விற்றுப்போன நிலத்துக்கு அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை.