தேய்ப்பதும் தேய்வதும்: வாசலில் கார் கழுவிய வரலாறு

நமது சிறுவயதில், 1980களின் இறுதியில், கும்பகோணத்தில் நாம் குடியிருந்த தெருவில் கார் வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் மருத்துவர். வண்டி, கருநீல அம்பாசிடர். அந்த வண்டியை அவர் தம் கையால் துடைத்து நாம் ஒருநாளும் கண்டதில்லை. காலை ஆறு மணிக்கு ஓட்டுநர் வருவார். கிணற்றிலிருந்து இரண்டு வாளி நீர் இறைத்து வைத்துக்கொண்டு, கூரையின் உச்சியிலிருந்து சொம்பு சொம்பாக ஊற்றுவார். சற்று நேரம் பேசாமல் நிற்பார். மறுபடி ஊற்றுவார். அதன் பிறகே பழைய வேட்டித் துணி வெளியே வரும். மாதம் ஒருமுறை தகர டப்பாவிலிருந்து பாலிஷ் எடுத்துத் தேய்ப்பார். தேய்த்து முடித்த துணி நீலமாகியிருக்கும். பாலிஷின் நிறம் நீலம் என்றே வெகுநாள் நினைத்திருந்தோம்.

ஒருநாள் தூசி படிந்த முன்மூடியில் விரலால் பெயர் எழுதப் போனபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தூசியோட கை வைக்காத தம்பி, கோடு விழும். மொதல்ல தண்ணிய ஊத்து, அது தானா எறங்கும்" என்றார். அதட்டலாகவே அது மனத்தில் நின்றது. அது ஒரு தொழிலின் முதல் விதி என்பது விளங்க முப்பது ஆண்டுகள் ஆயின.

கார்களைச் செய்த நிறுவனங்களுக்கு வரலாறு உண்டு. ஓட்டியவர்களுக்கும் ஓரளவு உண்டு. கழுவியவர்களுக்கு இல்லை. ஆயினும் இந்தச் சிறு வேலைக்குள் இரண்டு கேள்விகள் நூறாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து வருகின்றன. தேய்வது எது? தேய்ப்பவர் யார்?

*

காரைக் கழுவும் கலை காருக்கு முந்தியது. சென்னையில் 1840இல் தொடங்கப்பட்ட சிம்ப்சன் நிறுவனம் முதலில் கட்டியவை குதிரை வண்டிகளே. அக்காலத்து உயர்தரக் கோச்சு வண்டிகளுக்கு எண்ணெய்ச் சாயமும் வார்னிஷும் தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசப்பட்டன. ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின் நுரைக்கல் தூள் கொண்டு தேய்த்து, அதன்மேல் அடுத்த பூச்சு. ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற பரப்பைக் காக்க வண்டிக்காரர்களிடையே சில விதிகள் இருந்தன. சேறு காய்ந்து இறுகுமுன் நீரால் கரைத்துவிட வேண்டும். வெயிலில் கழுவலாகாது. மென்மையான கடற்பஞ்சால் கழுவி, பதனிட்ட மெல்லிய ஆட்டுத்தோலால் ஒற்றி எடுக்க வேண்டும். குதிரை போய் எந்திரம் வந்தபோது இந்த விதிகள் மாறவில்லை. இவற்றைச் செய்த ஆள்கூடப் பெரிதாக மாறவில்லை. குதிரைக்காரர் நின்ற இடத்தில் ஓட்டுநர் நின்றார்.

மாறியது பூச்சு. ஃபோர்டு நிறுவனம் தன் புகழ்பெற்ற மாடல் டி வண்டியை 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றது. 1923இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் நைட்ரோசெல்லுலோஸ் அரக்கால் ஆன டூக்கோ என்னும் பூச்சை அறிமுகப்படுத்தியது. தெளிகருவியால் தெளிக்கலாம், வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. எல்லா நிறமும் மலிவாயிற்று. ஆனால் அந்த நிறம் வெயிலிலும் காற்றிலும் மங்கிச் சுண்ணாம்பு பூத்ததுபோல ஆகும். மங்கிய மேற்படலத்தைத் தேய்த்து நீக்கினால் அடியிலிருக்கும் புதிய நிறம் தெரியும். வீட்டிலேயே மெருகேற்றும் வழக்கம் வேரூன்றியது இந்தத் தேவையிலிருந்துதான்.

தேய்ப்பதற்கான பொருள் முன்னரே தயாராக இருந்தது. சிகாகோவில் 1910 அளவில் பிறந்த சைமனைஸ் நிறுவனத்தின் மெழுகு அத்துணை பரவியதால், 'சைமனைஸ் செய்தல்' என்றொரு வினைச்சொல்லே ஆங்கில அகராதிகளில் ஏறியது. இவ்வகை மெழுகுகளில் மதிப்பு மிக்கது கார்னோபா. பிரேசிலின் வடகிழக்கு வறண்ட நிலத்தில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலை, ஈரப்பசை வெளியேறாதபடி தன்மேல் பூசிக்கொள்ளும் மெழுகு அது. ஓலையை வெட்டி, காயவைத்து, அடித்துத் தூளாக உதிர்ப்பார்கள். தேன்மெழுகு சுமார் 63 பாகை செல்சியஸில் உருகும். இதுவோ 80 பாகையைத் தாண்டித்தான் உருகும். வெயிலில் நிற்கும் வண்டிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அந்தப் பனங்காடுகளில் அடிமை நிலைக்கு ஒப்பான சூழலில் வேலை வாங்கப்பட்டவர்களைப் பிரேசில் அரசின் தொழிலாய்வாளர்கள் மீட்ட செய்திகளும் 2010களில் வெளியாயின. பளபளப்பின் கதையில் கழுவியவர் மட்டுமல்லர், மெழுகு உதிர்த்தவரும் பெயரற்றவரே.

இங்கு ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. தமிழில் நாம் எல்லாவற்றையும் பாலிஷ் என்கிறோம். உண்மையில் மெருகு வேறு, மெழுகு வேறு. மெருகு, நுண்ணிய அரத்தூளால் பரப்பைச் சுரண்டிச் சமன்செய்வது, அது எடுப்பது. மெழுகு, சமனான பரப்பின்மேல் ஒரு படலத்தை வைப்பது, அது கொடுப்பது. கும்பகோணத்து ஓட்டுநரின் துணியில் ஒட்டிய நீலம் பாலிஷின் நிறமன்று. அது அம்பாசிடரின் நிறம். மாதந்தோறும் அந்த வண்டி சிறிது சிறிதாகத் துணிக்கு இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரியும். அதனால்தான் மாதம் ஒருமுறைக்கு மேல் டப்பாவைத் திறக்கவில்லை.

*

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் புறநகர்களில் ஒரு புதிய காட்சி தோன்றியது. வீட்டுக்கு முன் வண்டிப்பாதை, குழாய், விடுமுறைக் காலை, வண்டியைத் தானே கழுவும் உரிமையாளர். இங்கிலாந்திலும் ஞாயிற்றுக்கிழமைக் கார் கழுவல் ஒரு சடங்காயிற்று. நம் ஊரில் அப்படி நேரவில்லை. காரணம் எளிது: உழைப்பு மலிவாகக் கிடைத்தது. நம் லாரிகளில் ஓட்டுநருக்குத் துணையாகச் செல்பவரின் பதவிப் பெயரே கிளீனர் என்பதைக் கருதிப் பார்க்கலாம். அவர் சக்கரம் மாற்றுவார், சுமைக்குக் கயிறு இழுத்துக் கட்டுவார், பின்னோக்கி வரும்போது தட்டிக் குரல் கொடுப்பார், இரவில் காவல் படுப்பார். ஆனால் அவர் பெயர் துடைப்பவர். ஓட்டும் தொழிலைக் கற்கப் போனவர் பலருக்கும் முதற்பாடம் துடைத்தலாகவே இருந்தது. வண்டியின் மேனியைக் கையால் அறிந்த பிறகே வளையம் கைக்கு வரும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அது சாலையை மாற்றியது என்று அனைவரும் எழுதிவிட்டார்கள். அது வாசலையும் மாற்றியது. உரிமையாளரே ஓட்டும் வண்டி நடுத்தரக் குடும்பங்களுக்கு வந்தபோது, அந்த வீடுகளில் சம்பள ஓட்டுநருக்கு இடமிருக்கவில்லை. அவரோடு அவருடைய அறிவும் வாசலுக்கு வராமற்போயிற்று. கழுவும் வேலை, அடுக்குமாடிகளில் விடியற்காலையில் மாதக் கூலிக்கு வருபவரிடம் சென்றது. அவருக்கு இருபது வண்டிகள், ஒரு வாளி, ஒரு துணி, இரண்டு மணி நேரம். முதல் வண்டியின் மணல் இருபதாம் வண்டி வரை அதே துணியில் பயணம் செய்யும். குற்றம் அவருடையதன்று; அவருக்கு அளக்கப்பட்ட கூலியும் நேரமும் அவ்வளவே.

இதே காலத்தில் பூச்சும் மீண்டும் மாறியது. 1980களில் உலகெங்கும் இரண்டடுக்குப் பூச்சு பரவிற்று. அடியில் நிறம், மேலே நிறமற்ற கண்ணாடிபோன்ற படலம். இந்த மேற்படலத்தின் தடிமன் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வெயிலைத் தடுக்கும் பொருள்கள் இதில்தான் இருக்கின்றன. வலுவாக மெருகேற்றும் ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகும். படலம் நிறமற்றது, ஆகவே துணியில் எதுவும் ஒட்டாது. இவ்வாறு, தேய்மானத்தை அறிந்த கை வாசலைவிட்டுப் போன அதே காலத்தில், தேய்மானமும் கண்ணுக்குத் தெரியாததாயிற்று.

இதற்கு நாமே சான்று. சில ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாக ஒரு பழைய கார் வாங்கினோம், கறுப்பு நிறத்தில். நாள்தோறும் கல்லூரிக்குக் கிளம்புமுன் மஞ்சள் துணியால் தூசியைத் தட்டித் துடைத்தோம். தண்ணீரை மிச்சப்படுத்துகிறோம் என்ற நிறைவும் இருந்தது. ஓராண்டு கழிந்து ஒரு மதிய வெயிலில் பார்த்தபோது, சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் ஆயிரம் கோடுகள் தெரிந்தன. தெருத்தூசி என்பது பெரும்பாலும் மணல்; மணல் என்பது படிகக்கல். உலர்ந்த துணியில் மணலை வைத்து முந்நூறு நாள் தேய்த்திருக்கிறோம். அன்றுதான் அந்தப் பழைய அதட்டல் காதில் விழுந்தது.

*

இன்று டீட்டெயிலிங் என்ற பெயரில் விற்கப்படும் கலை, பெரிதும் அந்த அதட்டலின் விரிவுரைதான். நிழலில் நிறுத்தி உலோகம் குளிரும்வரை காத்திருத்தல். தொடுவதற்கு முன் நீரூற்றித் தூசியை இறக்குதல். இரண்டு வாளிகள்: ஒன்றில் வண்டிக்கான நுரைநீர், மற்றதில் துணியை அலசி மணலை உதறுவதற்கான வெறுநீர். மேலிருந்து கீழாகக் கழுவுதல். சக்கரங்களுக்குத் தனித் துணி. பாத்திரம் துலக்கும் திரவம் மெழுகையும் சேர்த்து உரித்துவிடும், ஆகவே வண்டிக்குரிய மென்சோப்பு. ஆட்டுத்தோலின் இடத்தில் மைக்ரோஃபைபர் துணி. அதன் நுண்ணிழை நுட்பம் 1970இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் உருவானது. இறுதியில் மெழுகு, அல்லது சிலிக்கா சார்ந்த செராமிக் பூச்சு. விளம்பரங்களில் வரும் 9ஹெச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு, கல்லின் கடினமன்று. செராமிக் பூசினால் கீறலே விழாது என்பவரிடம் இதைச் சொல்லலாம்.

தேய்வது பூச்சு மட்டுமன்று, நீரும்தான். நம் ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. வெயிலில் உலர்ந்தால் சுண்ணாம்புப் புள்ளிகளைப் பதித்துவிடும். நல்ல நீரோ வண்டிக்கு ஊற்றும் அளவுக்கு இல்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரால் வண்டி கழுவுவதைத் தடைசெய்து 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. குழாயை மறந்து இரண்டு வாளிக்குத் திரும்புவது இன்று சிக்கனம் மட்டுமன்று. கும்பகோணத்து ஓட்டுநருக்கும் அவ்வளவே போதுமானதாக இருந்தது.

ஆயுத பூசையன்று ஊரெங்கும் வண்டிகள் கழுவப்பட்டு, சந்தனமும் குங்குமமும் பெற்று, எலுமிச்சையின்மேல் ஏறி நகர்வதைக் காணும்போதெல்லாம் புறநானூற்றின் 95ஆம் பாடல் நினைவுக்கு வரும். தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் அவனுடைய படைக்கலங்களைப் பார்க்கிறார். அவை பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லனின் கொட்டிலில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் பழித்த அந்தக் கூற்றில், மெருகுக்கும் பயனுக்கும் இடையிலான வேறுபாட்டை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்டுவிட்டார்.

அண்மையில் ஒரு மெருகுக் கடையில் காரைக் காட்டினோம். மூன்று சுற்றுத் தேய்த்தால் எல்லாக் கோடும் போய்விடும் என்றார்கள். போகும்; படலத்திலும் ஒரு பங்கு உடன் போகும். வேண்டாமென்று திரும்பிவிட்டோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நிழலில், இரண்டு வாளி நீரோடு நாமே கழுவுகிறோம். உச்சியிலிருந்து ஊற்றிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்கிறோம். கோடுகள் இருக்கின்றன. புதியவை சேரவில்லை.